ஆங்கி செயலி: ஓர் உயிரியல் ஆசிரியரின் மதிப்புரை

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிப்பவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சு, "படித்தேன் சார், எழுதும்போது வரவில்லை" என்பது. இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. இப்படிச் சொல்லும் பிள்ளைகளில் பலர் உண்மையிலேயே விடியற்காலையில் எழுந்து, பாடப்புத்தகத்தில் வரிக்கு வரி கோடிட்டு, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. அந்த உழைப்பு போய்ச் சேரும் இடம்தான் தவறாக இருக்கிறது. ஆங்கி என்னும் நினைவட்டைச் செயலியைப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் அறிமுகப்படுத்தி, அவர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று கவனித்து வந்ததன் அடிப்படையில் இம்மதிப்புரையை எழுதுகிறேன். செயலியின் வசதிகளைச் சொல்ல இரண்டு பத்தி போதும். அதைக் கையில் எடுத்த பிள்ளைகளில் சிலர் ஏன் ஆண்டு முழுவதும் தொடர்கிறார்கள், சிலர் ஏன் சில வாரங்களிலேயே கைவிடுகிறார்கள் என்பதுதான் விரிவாகப் பேச வேண்டியது.

முதலில் செயலியைப் பற்றி. ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த டேமியன் எல்ம்ஸ் தம் தேவைக்காக உருவாக்கி 2006-இல் வெளியிட்டது ஆங்கி. முன்பக்கம் வினா, பின்பக்கம் விடை என்று அட்டைகளை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். வினாவைப் பார்த்து விடையை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்து, எவ்வளவு நினைவிருந்தது என்பதை நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்திச் சொன்னால், அந்த அட்டை அடுத்து எந்த நாளில் வர வேண்டும் என்பதைச் செயலி கணக்கிட்டுக்கொள்ளும். நன்றாக நினைவிருக்கும் அட்டை சில நாள், சில வாரம், சில மாதம் என்று தள்ளித் தள்ளி வரும். மறந்த அட்டை உடனே திரும்பி வரும். இந்தக் கணக்குக்கு அடிப்படையாக நெடுங்காலம் இருந்தது, போலந்து நாட்டு பியோட்டர் வோஸ்னியாக் தம் சூப்பர்மெமோ மென்பொருளுக்காக 1987-இல் வகுத்த முறை. 2023-இன் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்னும் புதிய முறையும் உள்ளேயே கிடைக்கிறது. பயனாளர் எந்த அட்டையை எப்போது மறந்தார் என்ற வரலாற்றைக் கொண்டு அவருக்கேற்ற இடைவெளியை அது வகுத்துக்கொள்கிறது. கணினியில் இலவசம். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு வடிவமான ஆங்கிட்ராய்டும் இலவசம், விளம்பரமும் இல்லை. ஐபோனுக்கான செயலிக்கு மட்டும் ஒரே முறையாக 24.99 டாலர் கட்ட வேண்டும். எம் மாணவர் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைபேசிகளே என்பதால் இந்த விலை எங்களைத் தொடவில்லை.

இச்செயலி நிற்கும் அடித்தளம் உறுதியானது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவை நான்கு முறையும் வாசிக்கச் செய்தார்கள். இன்னொரு குழுவை ஒரே முறை வாசித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்குச் சுமார் 40 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 விழுக்காடும் நினைவிருந்தது. ஆசிரியர் என்ற முறையில் என்னை நிறுத்திவைத்தது இந்த எண்களைவிட, அதே ஆய்வில் வந்த இன்னொரு முடிவு: தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தாம். பக்கம் பழகிவிடுவதைப் பாடம் பதிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. இரவில் ஐந்து முறை வாசித்த பிள்ளை காலையில் தெம்போடு வருவதும், வினாத்தாளைப் பார்த்ததும் திகைப்பதும் இதனால்தான்.

ஆங்கியை எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஏமாற்றமாகவே இருக்கும். பழகிய பக்கம் கண்ணெதிரே இல்லாமல் வினா மட்டும் தனியே வந்து நிற்கும்போது, தமக்கு எதுவுமே தெரியவில்லை என்று தோன்றுகிறது. அறிவு அவர்களிடம் முன்பும் இந்த அளவில்தான் இருந்தது. இப்போதுதான் அது வெளியே தெரிகிறது என்பதை அந்த வாரத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பழைய வாசிப்புக்கே திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் வாசிப்பு இதமானது.

அடுத்தது அட்டை எழுதுவது. என் பார்வையில் இச்செயலியின் பயனில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. செயலியோ இதில் யாருக்கும் எந்த உதவியும் செய்வதில்லை. எடுத்துக்காட்டாக, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பான குன்றல் பகுப்பை (மியோசிஸ்) எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்க நிலையான முதல் புரோஃபேஸ் ஐந்து உட்பிரிவுகளைக் கொண்டது: லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ். மாணவர்கள் எழுதும் முதல் அட்டை பெரும்பாலும், "முதல் புரோஃபேசின் நிலைகளை விவரி" என்று புத்தகத்தின் பின்பக்க நெடுவினாவாகவே இருக்கும். விடைப்பக்கத்தில் முழுப் பத்தியும் ஒட்டப்பட்டிருக்கும். இந்த அட்டை வரும்போதெல்லாம் ஐந்தில் மூன்று நினைவிருக்கும், இரண்டு இருக்காது; அப்படியானால் தெரிந்ததா, தெரியாததா? எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது பொய்யாகிவிடும். அதையே உடைத்து, குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தைப் பற்றி, "குறுக்கேற்றம் எந்த நிலையில் நிகழ்கிறது?" என்று ஓர் அட்டையும், "ஒத்த குரோமோசோம்கள் இணைசேரத் தொடங்குவது எப்போது?" என்று இன்னோர் அட்டையும் எழுதினால், விடை ஒரு சொல்லில் வந்துவிடும்: பாக்கிட்டீன், சைகோட்டீன்.

இப்படி உடைப்பதிலும் ஓர் அபாயம் இருக்கிறது. எல்லாம் ஒரு சொல் விடைகளாகப் போனால், ஒரு மதிப்பெண் வினாக்களுக்கான கைடாகச் செயலி சுருங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் "ஏன்" என்று கேட்கும் அட்டைகள் சிலவற்றை எழுதியே தீர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பாக்கிட்டீனில் நிகழ்ந்த குறுக்கேற்றத்தின் அடையாளமான கயாஸ்மாக்கள் ஏன் டிப்ளோட்டீனில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன? இணைகளை ஒட்டிவைத்திருந்த சினாப்டினிமல் தொகுப்பு கரைந்து, ஒத்த குரோமோசோம்கள் விலகத் தொடங்கியும், குறுக்கேற்றம் நிகழ்ந்த இடங்களில் மட்டும் அவை விலக முடியாமல் பிணைந்து நிற்பதால். இந்த விடையைத் தன் சொல்லில் இரண்டு வரியில் எழுத முயலும் பிள்ளை, அட்டை அதன்பின் ஒருமுறைகூடத் திரும்பி வராவிட்டாலும் பாடத்தைப் புரிந்துகொண்டிருக்கும். வோஸ்னியாக்கும் அட்டை எழுதுவதற்கான தம் விதிகளில் முதலாவதாக வைத்திருப்பது, புரியாததை மனப்பாடம் செய்ய முற்படாதே என்பதைத்தான்.

இதனால்தான் பிறர் ஆக்கிய அட்டைக்கட்டுகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதியை நான் ஐயத்தோடு பார்க்கிறேன். நீட் தேர்வுக்கு என்று ஆயிரக்கணக்கான அட்டைகளைக் கொண்ட கட்டுகள் கிடைக்கின்றன. இறக்கியவுடன் பாதிப் பாடம் முடிந்துவிட்ட மகிழ்ச்சி வருகிறது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவெடுத்த உழைப்பு அட்டையை எழுதியவருடையது. அந்த அட்டைகளில் மாணவர் காண்பது, தாம் கேட்காத வினாக்களுக்குத் தாம் தேடாத விடைகளை. படம் சார்ந்த பாடங்களுக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம்: இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் படமெடுத்து, பெயர்களை மறைத்து, ஒவ்வொன்றாகக் கேட்கவைக்கும் வசதி புதிய பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது, அதை யார் தயாரித்தாலும் பயன் பெரிதாகக் குறைவதில்லை.

நான்கு பொத்தான்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மாணவர்களைப் பற்றி நான் அறிந்துகொண்டவற்றுள் முக்கியமானது அங்கேதான் கிடைத்தது. அகெய்ன், ஹார்டு, குட், ஈஸி என்பன அவை. இவற்றுள் அகெய்ன் ஒன்றுதான் "மறந்துவிட்டேன்" என்று பொருள்படும்; ஹார்டு என்பதற்கு, சிரமப்பட்டாலும் நினைவுக்கு வந்துவிட்டது என்று பொருள். செயலியின் கையேடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. என்றாலும் விடை வராதபோது பிள்ளைகளின் விரல் ஹார்டுக்கே போகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. மதிப்பெண் பட்டியல் இல்லை. பெற்றோர் கையெழுத்து இல்லை. அப்படியிருந்தும் "தெரியவில்லை" என்று ஓர் இயந்திரத்திடம் ஒப்புக்கொள்ளக் கை வருவதில்லை. ஹார்டை அழுத்தினால், மறந்த அட்டையையும் நினைவிருப்பதாகவே எண்ணிச் செயலி பல நாள் தள்ளிவிடும், அட்டை மீண்டும் மறந்துபோன நிலையில் வரும், பிள்ளைக்குச் செயலியின் மீதே நம்பிக்கை போய்விடும்.

இது சோம்பல் அன்று. முதல் வகுப்பிலிருந்து பள்ளி இவர்களுக்குக் கற்றுத்தந்திருப்பது, தெரியாததை மறைக்கும் கலையை. ஆசிரியர் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வது, வகுப்பு முழுவதும் "புரிந்தது" என்று சொல்லும்போது தானும் சேர்ந்துகொள்வது, சிறுதேர்வில் பக்கத்துத் தாளைப் பார்த்தாவது ஐந்து மதிப்பெண்ணை நிரப்பிவிடுவது. தெரியவில்லை என்று சொன்னால் கிடைத்தது திட்டு, அல்லது வகுப்பின் சிரிப்பு. பத்தாண்டுகளாக இப்படிப் பழகியவரிடம் ஒரு செயலியைக் கொடுத்து, உன்னிடம் நீ உண்மையாக இரு என்றால், அந்த உண்மை அவ்வளவு விரைவில் வராது. அகெய்ன் அழுத்துவது இந்த ஏற்பாட்டில் தோல்வி ஆகாது, இயந்திரம் சரியாக இயங்க அதற்கு வேண்டிய தகவல் அதுதான் என்பதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதோடு, ஆசிரியரே தம் அட்டைகளைப் பிள்ளைகள் எதிரில் திரையில் ஓட்டிக் காட்டி, மறந்த இடத்தில் தயங்காமல் அகெய்னை அழுத்திக் காட்டுவதுதான் நான் கண்ட வழிகளில் பலன் தந்தது. அட்டையின் கீழ் "பத்து நிமிடம்", "நான்கு நாள்" என்று பொத்தான்களின் மேல் தோன்றும் இடைவெளிகளையும் அமைப்புகளுக்குள் சென்று மறைத்துவிடச் சொல்கிறேன். அவை கண்ணில் பட்டால், நினைவைப் பார்த்து அழுத்தாமல், அட்டை எத்தனை நாள் ஒழிய வேண்டும் என்பதைப் பார்த்து அழுத்துகிறார்கள்.

செயலியில் நாணயம், பதக்கம், வைரம், போட்டிப் பட்டியல் எதுவும் இல்லை. முகப்பும் அரசு அலுவலகப் படிவத்தைப்போல உயிரற்றுத்தான் இருக்கிறது. இதைக் குறை என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகளைக் கவர ஏதாவது வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இது செயலியின் நல்ல அம்சங்களுள் ஒன்றாகவே படுகிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், வண்ணப் பேனாக்களால் வரைவதைத் தாமாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நிற முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்களை வகுப்பில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றக் குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரத்தையே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

ஆனால் இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் நீட்டுவது தவறு. அக்குழந்தைகளுக்கு வரைவதில் ஏற்கெனவே விருப்பம் இருந்தது. குன்றல் பகுப்பின் மீது ஏற்கெனவே விருப்பத்தோடு வரும் மாணவரை நான் அதிகம் கண்டதில்லை. விருப்பமே இல்லாத இடத்தில் ஒரு சிறிய புறத்தூண்டல் தொடக்கத்துக்கு உதவலாம். எதற்குப் பரிசு என்பதில்தான் கவனம் வேண்டும். அதிக அட்டைகளை முடித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தால், விடையைப் பார்க்காமலே குட் பொத்தானைத் தட்டிக்கொண்டே போவதற்கான பரிசாக அது முடியும். எண்ணிக்கையை ஏய்ப்பது செயலியில் மிக எளிது. மாறாக, வாரத்தின் சிறந்த வினா அட்டை எது என்று வகுப்பே தேர்ந்தெடுக்கும்படி செய்தால், அட்டை எழுதும் உழைப்புக்கு மதிப்பு கிடைக்கிறது. தொடர்ந்து நிலைத்த மாணவர்களிடம் கேட்டால், பரிசு அவர்கள் நினைவுக்கே வருவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் படித்த பாடத்திலிருந்து ஒரு வினா திடீரென்று வந்து, அதற்கு விடையும் தானாக நாவில் வந்த அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். ஆர்வம் முதலில் வந்து, பிறகு படிப்பு வரும் என்றே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். என் வகுப்பில் பெரும்பாலும் தெரிந்தது எதிர்த்திசை. தன்னால் முடிகிறது என்பது கண்கூடான பிறகுதான் ஆர்வம் வந்தது.

கைவிட்டவர்களின் காரணம் ஏறக்குறைய ஒன்றே: குவிந்துபோன பாக்கி. செயலியின் இயல்பு அமைப்பு நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள். முதல் சில நாள் இது மிகச் சுலபமாக இருக்கும். ஆனால் நாள்தோறும் 20 சேர்த்துக்கொண்டே போனால், பழைய அட்டைகளின் மறுபார்வை காலப்போக்கில் நாளுக்கு 200 வரை ஏறிவிடும். இடையில் ஊர்த்திருவிழா வந்து நான்கு நாள் விட்டுவிட்டால், திரும்பித் திறக்கும்போது திரையில் நிற்கும் எண்ணைக் கண்டு செயலியையே நீக்கிவிடுகிறார்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்பதைப்போன்ற உணர்வு அது. ஐந்து அட்டைக்கு மேல் ஒரு பாடத்தில் ஒரு நாளைக்குச் சேர்க்காதே என்பது நான் தரும் அறிவுரை. பிள்ளைகள் இதை விரும்புவதில்லை, ஏனென்றால் தேர்வு நெருங்கும்போது ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருக்கிறது. அந்த அவசரத்துக்கு இச்செயலி பயன்படாது. மார்ச்சில் பொதுத்தேர்வு என்றால், பிப்ரவரியில் இதைத் தொடங்குபவருக்குக் கிடைப்பது கூடுதல் பதற்றம் மட்டுமே. ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்க வேண்டும். எட்டு முறை மறந்த அட்டையைச் செயலி தனியே குறித்துக் காட்டுவதும் ஒரு நல்ல வசதி. அத்தகைய அட்டையை இன்னும் முயன்று மனப்பாடம் செய்வதைவிட, பாடத்துக்குத் திரும்பிச் சென்று வேறு விதமாக எழுதிக்கொள்வதே நல்லது. பெரும்பாலும் அங்கே நினைவில் குறை இருப்பதில்லை, புரிதலில்தான் ஓட்டை இருக்கும்.

எவ்வளவு சொன்னாலும் ஆங்கி தருவது கற்றலின் ஒரு பகுதியை மட்டுமே. மாணவர் நூலைப் பயிலும் முறையைப் பவணந்தி முனிவர் நன்னூலில் வரிசைப்படுத்துகையில், வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல் என்று தொடங்கி, ஆசிரியரை அணுகிக் கேட்டல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று கொண்டுபோய் முடிக்கிறார். இப்பட்டியலில் "கேட்டவை நினைத்தல்" என்ற ஒன்றைச் செயலி எந்த ஆசிரியராலும் இயலாத துல்லியத்தோடு செய்துவிடுகிறது. வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும் எந்தப் பாடத்தை எந்த நாளில் மறக்கத் தொடங்குவார் என்று எந்த ஆசிரியர் கணக்கு வைத்திருக்க முடியும்? மற்றவற்றுக்கு அதில் இடமே இல்லை. தவறான விடையை அட்டையில் எழுதிவைத்தால் அதையும் அதே துல்லியத்தோடு மனத்தில் பதித்துவிடும், "இது ஏன் இப்படி?" என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்லாது. ஆகவே வாரத்துக்கு ஒரு பாடவேளையை, மாணவர்கள் தம் அட்டைகளை இருவர் இருவராக மாற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் கேட்பதற்கு ஒதுக்குகிறேன். தவறான அட்டைகள் அங்கே பிடிபடுகின்றன. தனியே செயலியில் சலித்துப்போனவர்களும் அங்கே உற்சாகமாக இருப்பதைக் காண்கிறேன். சக மாணவரின் வினாவில் குறை கண்டுபிடிக்கும் மகிழ்ச்சிக்கு ஈடான தூண்டுதலை எந்தச் செயலியும் தந்துவிடாது போலும்.

வாங்குவதற்கு முன், அதாவது இறக்குவதற்கு முன், கவனிக்க வேண்டியவை சில. இதே பெயரை ஒட்டியும், நட்சத்திரச் சின்னத்தை ஒத்தும் வேறு செயலிகள் கடையில் இருக்கின்றன. அவற்றுள் சில, மாதந்தோறும் சந்தா கேட்பவை. ஆண்ட்ராய்டில் வேண்டியது ஆங்கிட்ராய்டு என்னும் பெயருடையது. தமிழில் யூனிகோடு எழுத்துகளைத் தடையின்றி எழுதலாம், பாடப்புத்தகப் படங்களையும் கைபேசியில் எடுத்துச் சேர்க்கலாம். இணையம் இல்லாமலே முழுவதும் இயங்குவதால், மாலையில் அப்பா வீடு திரும்பிய பிறகு அரை மணி நேரம் கைபேசி கிடைக்கும் பிள்ளைக்கும் இது போதுமானது. கைபேசியே கிடைக்காத பிள்ளைகளுக்கு, காலண்டர் அட்டைகளை வெட்டி, ஐந்து தீப்பெட்டி அறைகளில் நாள் கணக்கில் மாற்றி மாற்றி வைத்துப் படிக்கும் முறையைக் கற்றுத்தருகிறேன். இடைவெளியின் துல்லியம் குறையுமே தவிர, கொள்கை அதுதான்.

அமைப்புப் பக்கங்கள் தேவைக்கு மீறிச் சிக்கலானவை. எஃப்எஸ்ஆர்எஸ்ஸை இயக்கிவிட்டு, அட்டைகளில் எத்தனை விழுக்காடு நினைவிருக்க வேண்டும் என்ற அளவை இயல்பாக உள்ள 90-இலேயே விட்டுவிட்டு, புதிய அட்டை எண்ணிக்கையைக் குறைத்தபின் வேறெதையும் தொட வேண்டியதில்லை. அமைப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பது படிப்பதிலிருந்து தப்பிக்க நல்ல வழியாகிவிடுகிறது, இதில் ஆசிரியர்களும் சளைத்தவர்கள் அல்லர். கடைசியாக ஒன்று: ஆங்கிவெப் என்னும் இலவசக் கணக்கில் ஒத்திசைக்காமல் கைபேசியிலேயே அட்டைகளை வைத்திருப்பவர்கள், மாதத்துக்கு ஒருமுறையாவது அட்டைக்கட்டைக் கோப்பாக ஏற்றுமதி செய்து ஆசிரியருக்கோ தோழர்களுக்கோ அனுப்பிவைக்க வேண்டும். வீட்டில் கைபேசியை மாற்றும்போது, உள்ளே பிள்ளையின் ஓராண்டு உழைப்பு இருப்பது கடைக்காரருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.